குப்பைமேட்டுக் கசிவுநீருக்கு நானோ பூச்சுத் துணி: எந்தத் துகள், எந்த இடம், எத்தனை நாள்?

#1 தறிநூல்

வணக்கம். 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 400 கிராம்) பாலிபுரொப்பிலீன் நீடில் பஞ்ச் துணியில் (நெய்யாமல் ஊசியால் குத்திப் பிணைத்தது) நானோ துகள் ஏற்றி, குப்பைமேட்டின் அடியில் கசிவுநீர் வடியும் ஜல்லிப் படுகைக்கு மேல் விரிப்பதாக ஒரு வரைவு போட்டிருக்கிறேன். முதல் தேர்வு டைட்டானியம் டை ஆக்சைடு, பி25 வகை. அடுத்தது துத்தநாக ஆக்சைடு. பாசி, கிருமி படியாமல் இருக்கக் கொஞ்சம் வெள்ளி.

கணக்குக்காக எடுத்துக்கொண்டது பழைய மேட்டுக் கசிவுநீர்: நாளுக்கு 100 கன மீட்டர், பிஎச் 8. லிட்டருக்கு மில்லிகிராமில் சிஓடி (வேதிமுறையில் அளக்கும் கரிம மாசு) 3,000, பிஓடி (நுண்ணுயிர் சிதைக்கக்கூடிய கரிம மாசு) 250, அம்மோனியா நைட்ரஜன் 1,500, குளோரைடு 3,500, ஈயம் 0.3, ஆர்செனிக் 0.3. பூச்சு துணி எடையில் 5 சதவீதம். எந்தத் துகள் நல்லது, எப்படி ஒட்டவைப்பது, எத்தனை நாள் தாங்கும்?

#2 கசிவுக்கால்

துகளைப் பிறகு பார்ப்போம். முதலில் இடம் தவறு.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒளி பட்டால்தான் வேலை செய்யும். அனடேஸ் வகைக்கு 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளி வேண்டும். பத்து மீட்டர் குப்பைக்கு அடியில் ஒளி ஏது? மேலே தொட்டியில் விளக்கு வைத்தாலும் கசிவுநீர் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. ஒளி சில மில்லிமீட்டருக்குள் அணைந்துவிடும். மிச்சம் உருவாகும் ஹைட்ராக்சில் மூலிகளை (மாசைச் சிதைப்பவை இவைதான்) பைகார்பனேட்டும் குளோரைடும் தின்றுவிடும். அந்தத் துகளை இந்த வரைவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அடைப்பு. ஜல்லிக்கு மேல் விரிக்கும் துணியின் முதல் கடமை மண்ணையும் நுண்குப்பையையும் நிறுத்தி நீரை விடுவது. கனடாவின் ஒன்டாரியோவில் கீல் வேலி குப்பைநிரப்பில் வடிகால் படுகையைத் தோண்டிப் பார்த்தபோது, ஜல்லி இடுக்குகளை அடைத்திருந்ததில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். நுண்ணுயிர்கள் கரிம அமிலங்களை உண்பதால் கார்பனேட் கூடி, சுண்ணாம்பாக இறுகுகிறது. துணி போர்த்திய பகுதியில் ஜல்லி குறைவாகவே அடைபட்டிருந்தது, ஏனென்றால் அந்தப் படிவைத் துணி தன்மேல் வாங்கிக்கொண்டது. உங்கள் நானோ பூச்சும் அதே சுண்ணாம்புக்கும் உயிர்ப்படலத்துக்கும் அடியில் புதைந்துபோகும். குப்பை ஏறிய பிறகு அதைக் கழற்றி மாற்றவும் முடியாது.

மாற்ற முடியாத இடத்தில் தீர்ந்துபோகும் பொருளை வைக்காதீர்கள்.

இன்னொன்று. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 சொன்னது 90 செ.மீ. களிமண் அல்லது திருத்திய மண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (அடர் பாலித்தீன்) தாள், அதற்குமேல் வடிகால் படுகை. பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற பழைய மேடுகளுக்கு அடியில் இதெல்லாம் கிடையாது. நீங்கள் துணி விரிக்க நினைக்கும் ஜல்லிப் படுகையே அங்கு இல்லை. மேட்டின் காலடியில் ஊறி வருவதைத்தான் பிடிக்க முடியும்.

#3 குடுவை

இடம் சரியானாலும் எடைக்கணக்கு உதைக்கிறது. போட்டுப் பார்ப்போம்.

400 ஜிஎஸ்எம் துணியில் 5 சதவீதம் என்றால் சதுர மீட்டருக்கு 20 கிராம் துகள். ஆய்வுக்கூடக் கட்டுரைகளில் வருவதுபோல் கிராமுக்கு 50 மி.கி. பிடிக்கும் என்றே தாராளமாக வைப்போம்: சதுர மீட்டருக்கு 1 கிராம். சிஓடியில் மூன்றில் ஒரு பங்கை, லிட்டருக்கு 1,000 மி.கி. அளவை, துணி பிடிக்க வேண்டும் என்றால் நாளுக்கு 100 கிலோ. அதாவது ஒரு நாளைக்கு ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி.

அம்மோனியா நாளுக்கு 150 கிலோ. கிளினோப்டிலோலைட் ஜியோலைட்டுக்கு (அம்மோனியாவைப் பிடிக்கும் கனிமம்), பொட்டாசியமும் சோடியமும் போட்டியிடும் கசிவுநீரில், கிராமுக்கு 5 மி.கி. என்று எடுத்தால் நாளுக்கு 30 டன் ஜியோலைட். அதைத் துணியில் ஏற்றவே முடியாது. அம்மோனியாவுக்கு நைட்ரிஃபிகேஷன்–டிநைட்ரிஃபிகேஷன் (நுண்ணுயிரால் நைட்ரஜன் வாயுவாக்குவது) அல்லது ஸ்ட்ரிப்பிங்தான் (காற்றூதி வெளியேற்றுவது) வழி. கரிமத்துக்கு உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு கட்டித்தல் (உப்பு சேர்த்து மாசைத் திரட்டிப் படியவைப்பது), தேவையானால் ஆர்ஓ. கிலோக்கணக்கில் வரும் மாசுக்கு நானோ துணி தீர்வு ஆகாது. நாளுக்குக் கிராம்கணக்கில் வரும் மாசுக்கு மட்டும் யோசியுங்கள்.

#4 தறிநூல்

கணக்கு உறைத்தது. அப்படியானால் ஈயமும் ஆர்செனிக்கும் மட்டும். துத்தநாக ஆக்சைடும் வெள்ளியும் அதற்கு உதவுமா?

#5 குடுவை

உதவாது. வெள்ளி 3,500 மி.கி. குளோரைடில் வெள்ளி குளோரைடாகும், சல்ஃபைடு இருந்தால் வெள்ளி சல்ஃபைடாகிக் கறுத்து, கிருமியைத் தடுக்கும் குணம் போய்விடும். துத்தநாக ஆக்சைடு அமில நீரில் கரைந்துவிடும். இளம் குப்பையின் கசிவுநீர் பிஎச் 5, 6 வரை இறங்கும். ஈயத்தை எடுக்கப் போய்த் துத்தநாகத்தைச் சேர்த்துவிட்டு வருவீர்கள்.

உலோகம் பற்றி ஒரு விஷயம். மீத்தேன் வரும் கட்டத்தை அடைந்த பழைய மேடுகளில் பெரும்பாலான கன உலோகங்கள் சல்ஃபைடாகவும் கார்பனேட்டாகவும் குப்பைக்குள்ளேயே தங்கிவிடும். நீரில் வருவது குறைவு. ஆர்செனிக் வேறு மாதிரி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு கரையும்போது அதுவும் கூடவே அவிழ்ந்து வரும். எனவே எதையும் வாங்குவதற்கு முன் 0.45 மைக்ரான் வடிகட்டிய மாதிரி, வடிகட்டாத மாதிரி இரண்டிலும் உலோகம் அளந்துவிடுங்கள். ஈயத்தில் பெரும்பகுதி வண்டலோடு ஒட்டியிருந்தால் மணல் வடிகட்டியே அதை எடுத்துவிடும்.

2016 விதிகள் வைத்திருந்த வரம்பு, உள்நாட்டு நீர்நிலையில் விட: ஈயம் 0.1, ஆர்செனிக் 0.2, அம்மோனியா நைட்ரஜன் 50, சிஓடி 250, குளோரைடு 1,000 மி.கி./லி.

ஈயம், ஆர்செனிக் இரண்டுக்கும் பொருந்தும் பூச்சு, நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது ஃபெர்ரிஹைட்ரைட். சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு இதையே கைட்டோசான் கூட்டுக்குள் வைத்துக் குடிநீர் ஆர்செனிக்குக்குப் பயன்படுத்தியது, 'அம்ரித்' என்ற பெயரில். ஆனால் குடிநீரில் கிடைக்கும் பிடிப்பளவைக் கசிவுநீருக்கு எடுக்காதீர்கள். இங்கே பாஸ்பேட், சிலிக்கா, ஹியூமிக் அமிலம் மூன்றும் அதே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். கிராமுக்கு 5 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் நல்லது.

எச்சரிக்கை: இந்தப் பூச்சைக் காற்றோட்டம் கொடுத்த நீரில் மட்டுமே வையுங்கள். ஆக்சிஜனற்ற கசிவுநீரில் பாக்டீரியா ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக்கிக் கரைத்துவிடும். பிடித்துவைத்த ஆர்செனிக் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். உள்ளே வந்ததைவிட வெளியே போவது அதிகம் என்று அறிக்கை வந்தால் காரணம் இதுதான்.

#6 ஸ்டென்டர்

பூச்சு முறை. பைண்டர் போட்டு ஒட்டாதீர்கள், துணியிலேயே வளர்த்தெடுங்கள். அக்ரிலிக் பைண்டர் துகளைப் பிடிக்கும், ஆனால் அதன் மேற்பரப்பையும் மூடிவிடும். அதைப் பதப்படுத்த 140–150 டிகிரி வேண்டும். பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி பக்கம் உருகும், 130ஐத் தாண்டினாலே துணி சுருங்கி விறைக்கும்.

1 சதுர மீட்டருக்கு:

ஃபைபரில் ஸ்பின் ஃபினிஷ் எண்ணெய் (இழை நூற்கும்போது பூசியது) இருக்கும். நான்அயானிக் சோப்பு லிட்டருக்கு 1 கிராம், 60 டிகிரி, 20 நிமிடம், பிறகு இரண்டு அலசல். இதை விட்டால் பூச்சு திட்டுத்திட்டாக வரும்.

பாலிபுரொப்பிலீன் நீரை ஏற்காது. ஆக்சிஜன் பிளாஸ்மா அல்லது கொரோனா கொடுத்து அன்றைக்கே பேடிங் (கரைசலில் முக்கி உருளையில் பிழிவது) செய்துவிடுங்கள். நாள் போகப் போக அந்த ஈரமேற்பு இறங்கிவிடும். பிளாஸ்மா இல்லையென்றால் பாலியெஸ்டர் ஃபெல்ட் எடுத்து, லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக்கில் 80 டிகிரியில் 20–30 நிமிடம். எடை இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் லிட்டருக்கு 135 கிராம், அதாவது 0.5 மோலார். மேங்கிளில் (பிழியும் உருளைகள்) பிக்கப் 100 சதவீதம் வைத்தால் 400 கிராம் துணி 400 மி.லி. கரைசல் எடுக்கும், அதில் 54 கிராம் உப்பு. அடுத்த தொட்டியில் காஸ்டிக் சோடா. துணியில் உள்ள இரும்புக்குக் கணக்குப்படி 24 கிராம் போதும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் பிஎச் 7 முதல் 7.5 வரை மெல்ல ஏற்றுங்கள். ஒரு சுற்றில் சதுர மீட்டருக்கு சுமார் 21 கிராம் இரும்பு ஹைட்ராக்சைடு படியும். மூன்று சுற்றில் 63 கிராம், துணி எடையில் 16 சதவீதம்.

ஒவ்வொரு சுற்றிலும் 35 கிராம் சாதாரண உப்பு துணிக்குள் உண்டாகும். அலசல் நீரின் கடத்துதிறன் 200 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழ் வரும்வரை அலசுங்கள். உப்பு உள்ளேயே காய்ந்தால் படிகமாகிப் பூச்சைப் பொருக்கு பொருக்காகத் தள்ளிவிடும். பெரும்பாலான 'பூச்சு நிற்கவில்லை' புகார்களுக்கு இதுவே காரணம்.

காயவைப்பது 60 டிகிரிக்குள். ஸ்டென்டரில் (துணி உலர்த்தும் சூட்டு இயந்திரம்) 150 டிகிரிக்கு விட்டால் ஃபெர்ரிஹைட்ரைட் நீரை இழந்து, மேற்பரப்பு சரியும். துணி பார்க்க அழகாக வரும், வேலை குறைந்துவிடும். லேசான ஈரத்தோடு பாலித்தீனில் மூடி வைப்பது நல்லது.

#7 நுண்துளை

எலக்ட்ரோஸ்பின்னிங்கை (மின்னழுத்தத்தால் கரைசலை நுண் இழையாக இழுப்பது) ஏன் யாரும் சொல்லவில்லை? பாலிஅக்ரைலோநைட்ரைல் 10 சதவீதம் டிஎம்எஃப் கரைப்பானில், 15–20 கிலோவோல்ட், 15 செ.மீ. இடைவெளி என்றால் 200–400 நானோமீட்டர் இழை வரும். அதை ஹைட்ராக்சிலமீனில் 70 டிகிரியில் அமிடாக்சைம் (உலோகத்தைப் பற்றும் வேதிக்குழு) ஆக்கினால் ஈயத்தை நன்றாகப் பிடிக்கும். துகள் உதிரும் பிரச்சினையும் இல்லை.

#8 ஸ்டென்டர்

ஒரு ஊசிக்கு மணிக்கு 1 மி.லி. என்றால் 10 சதவீதக் கரைசலில் மணிக்கு சுமார் 0.1 கிராம் இழை. 10 ஜிஎஸ்எம் படலம் ஒரு சதுர மீட்டர் போட ஒரே ஊசிக்கு 100 மணி நேரம். ஊசியில்லா டிரம் இயந்திரத்தில் இது மாறும், ஆனால் அந்தப் படலத்தின் துளை கசிவுநீரின் கூழ்மத்துக்கு மிகச் சிறியது, சீக்கிரமே மேலே பசையாகப் படியும். ஆர்ஓவுக்கு முன்னால், யூஎஃப் (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) தாண்டிய நீருக்கு வைத்தால் நான் ஏற்றுக்கொள்வேன்.

#9 நுண்துளை

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். சோதனைப் பக்கம் நான் எழுதுகிறேன்.

உதிர்வு: 10க்கு 10 செ.மீ. துண்டு, 1 லிட்டர் நீர், 150 சுற்று வேகத்தில் 24 மணி நேரம் குலுக்கல். அந்தத் துண்டில் 0.63 கிராம் பூச்சு இருக்கும். 1 சதவீதம் உதிர்ந்தால் நீரில் இரும்பு சுமார் 3.3 மி.கி./லி. கூடும், ஐசிபியில் (உலோகம் அளக்கும் கருவி) தெளிவாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீரில் செய்து நல்ல பெயர் வாங்காதீர்கள். ஹியூமிக் அமிலம் துகளைச் சூழ்ந்து பிரித்துவிடும், அதனால் உண்மையான கசிவுநீரில் உதிர்வு கூடும். மாதிரியை அமிலத்தில் செரித்த பிறகே அளக்க வேண்டும். 0.45 மைக்ரானில் வடிகட்டிவிட்டு அளந்தால் பெரிய திரள்கள் காகிதத்திலேயே நின்று, உதிர்வு குறைவாகத் தெரியும்.

இழைகளே உதிர்ந்தால் அது நுண்பிளாஸ்டிக். குப்பைமேட்டு நீரிலிருந்து மாசு எடுக்கப் போடும் துணியே மாசு சேர்க்கக் கூடாது. துணியின் வெட்டு விளிம்பை வெப்பத்தில் சீல் செய்துவிடுங்கள்.

நெடுங்குழாய்ச் சோதனை: 5 செ.மீ. விட்டக் குழாய், 3 மி.மீ. துணி 10 அடுக்கு. மணிக்கு 0.5 மீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 16 மி.லி. தொடர்புநேரம் மூன்றரை நிமிடம்தான். வெளிவரும் செறிவு உள்வருவதில் பத்தில் ஒன்றைத் தொடும்வரை ஓடவிட்டு, அதுவரை போன கன அளவைக் குறியுங்கள். நீர்விடு திறனுக்கு ஏஎஸ்டிஎம் டி 4491, உயிர்ப்படல அடைப்புக்கு டி 1987. இரண்டாவது சோதனை மாதக்கணக்கில் ஓடும். அதைச் செய்யாமல் ஆயுள் சொல்லக் கூடாது.

#10 தறிநூல்

திருத்திய வரைவு. உயிரியல் சுத்திகரிப்பு, கட்டித்தல், மணல் வடிகட்டி தாண்டிய நீர். எடுக்க வேண்டிய உலோகம் மொத்தம் நாளுக்கு 10 கிராம் என்று வைக்கிறேன். மணிக்கு 0.5 மீட்டர் வேகத்துக்கு 8.3 சதுர மீட்டர் சட்டம், 10 அடுக்கு, ஆக 83 சதுர மீட்டர். மாதம் ஒருமுறை மாற்றினால் போதுமா?

#11 குடுவை

போதாது. 63 கிராமை 5 மி.கி.யால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 315 மி.கி. நாளுக்கு 10 கிராம் பிடிக்க 32 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் 83 சதுர மீட்டர் இரண்டரை நாளில் முடிந்துவிடும். 26 நாள் வர 100 அடுக்கு, 830 சதுர மீட்டர். அதில் இருப்பது 52 கிலோ இரும்பு ஹைட்ராக்சைடு. அதே 52 கிலோவைக் குருணையாக வாங்கினால் ஒரு பீப்பாயில் அடங்கும், துணி உற்பத்தியே வேண்டாம். அதோடு, கட்டித்தலுக்கு ஏற்கெனவே ஃபெரிக் குளோரைடு போடுகிறீர்கள். ஆர்செனிக்கும் ஈயமும் அங்கேயே பெருமளவு இறங்கும். அதற்குப் பின் அளந்து பார்த்துவிட்டு மிச்சம் இருந்தால் மட்டும் அடுத்த கட்டம்.

பூச்சின் வேதியியலில் குறை சொல்லவில்லை. தொட்டி வைக்க முடிகிற இடத்தில் துணி தோற்கும் என்கிறேன்.

#12 கசிவுக்கால்

அப்படியானால் தொட்டி வைக்க முடியாத இடத்தைப் பார்ப்போம். துணியின் பலம் அதன் மெல்லிய, அகன்ற உருவம். மேட்டின் காலடியில் நீர் ஒரு குழாயில் வராது, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஊறும். பெருங்குடி மேட்டின் அருகில் 2022இல் ராம்சர் தளமான பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. அந்த மாதிரி எல்லையில் ஒரு பள்ளம் வெட்டி, துணி அடுக்கைப் பாயாகச் செங்குத்தாக நிறுத்தலாம்.

200 மீட்டர் நீளம், நீர் ஊறும் ஆழம் 1 மீட்டர், நாளுக்கு 10 கன மீட்டர் என்று கொண்டால் வேகம் நாளுக்கு 5 செ.மீ. மட்டுமே. 3 செ.மீ. பாயில் 14 மணி நேரம் தொடர்பு கிடைக்கும். சட்டத்தில் மூன்றரை நிமிடம், இங்கே 14 மணி நேரம்.

#13 குடுவை

நல்ல இடம், ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடம். #5இல் சொன்ன ஃபெர்ரிஹைட்ரைட் இங்கே கூடாது. ஈயத்துக்கு ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமம்) வையுங்கள். ஈயம் பைரோமார்ஃபைட் என்ற கரையாத பாஸ்பேட்டாகும், ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிப்பு அவிழாது. நானோ தூளாக வாங்க வேண்டாம். எலும்புக்கரியில் அந்தக் கனிமம் நானோ படிகமாகவே இருக்கிறது. 0.5–1 மி.மீ. குருணையாகச் சலித்து, இரண்டு துணிக்கு நடுவே சதுர மீட்டருக்கு 1 கிலோ பரப்பி நீடில் பஞ்ச் செய்தால் உதிர்வும் இல்லை, பைண்டரும் இல்லை. 200 கிலோ, கிராமுக்கு 5 மி.கி. என்றால் 1 கிலோ ஈயம். வருவது நாளுக்கு 3 கிராம், ஆக 330 நாள்.

ஆர்செனிக்குக்கு மணலோடு கலந்த இரும்புத் துருவல், தனிப் பாயாக. வரிசை முக்கியம்: மேட்டுப் பக்கம் இரும்பு, சதுப்புப் பக்கம் எலும்புக்கரி. மாற்றி வைத்தால் எலும்புக்கரியிலிருந்து கசியும் பாஸ்பேட் இரும்பில் உட்கார்ந்து ஆர்செனிக்கைத் தள்ளிவிடும். சதுப்புக்குள் போகும் நீரில் பாஸ்பேட்டையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பாசி மண்டும்.

#14 வண்டல்

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலுக்கு இதே பாய் பொருந்துமா? அங்கே ஆறு இணைதிறன் குரோமியம்தான் சிக்கல்.

#15 குடுவை

அங்கே கணக்கே வேறு. நகரக் கசிவுநீரில் கரிமமே குரோமியத்தை நச்சு குறைந்த மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடும். குரோமேட் கழிவில் அந்தக் கரிமம் கிடையாது, எனவே நானோ இரும்புக்கு (ஆக்சைடாகாத, உலோக இரும்புத் துகள்) உண்மையான வேலை இருக்கிறது. 52 கிராம் குரோமியத்துக்குக் குறைந்தது 56 கிராம் இரும்பு. மேலே துருப்படலம் மூடிக்கொள்வதால் பல மடங்கு கூடுதலாக வையுங்கள். முதலில் பிஎச் பாருங்கள்: சுண்ணாம்பு சேர்த்து வறுத்த குரோமைட் கழிவில் 11, 12 வரை போகும், அதில் இரும்பு மந்தமாகும். பாலியெஸ்டர் துணியையும் அந்தக் காரம் அரித்துவிடும், பாலிபுரொப்பிலீன் மட்டும். போரோஹைட்ரைடில் நானோ இரும்பு தயாரிக்கும்போது ஹைட்ரஜன் வரும், காய்ந்த தூள் காற்றில் தானாகப் பற்றும். எத்தனாலில் ஈரமாகவே வைத்திருங்கள்.

#16 தறிநூல்

காலடிப் பாய்க்கு வரைவை மாற்றிக்கொள்கிறேன். நிறுவும்போது எது தவறும்? எடுத்த பாயை என்ன செய்வது?

#17 கசிவுக்கால்

பெரும்பாலும் ரோல் இணைப்பில்தான் போகும். குறைந்தது 30 செ.மீ. மேலடுக்கு, அந்த இடுக்கிலும் குருணை தூவுங்கள். பள்ளத்தின் அடி களிமண்ணில் 30 செ.மீ. புதைய வேண்டும், இல்லையென்றால் நீர் கீழே நுழைந்துவிடும். மேட்டுப் பக்கம் 20 செ.மீ. பருமணல் கொடுங்கள், சுண்ணாம்புப் படிவு முதலில் அதில் விழட்டும். முன்வடிகட்டியாகப் பொள்ளாச்சித் தேங்காய்நார் விரிப்பு மலிவு, ஆனால் சில ஆண்டுகளில் மக்கும், அதை மாற்றும் பொருளாகவே கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் பாய்க்கு மேல் ஏறி வழியும். பாயின் உயரம் மழைக்கால மட்டத்துக்கு, கோடை மட்டத்துக்கு அல்ல.

எடுத்த பாயில் ஒரு துண்டுக்கு டிசிஎல்பி சோதனை (கழிவிலிருந்து நச்சு கசிகிறதா என்று பார்ப்பது): 1 பங்குக்கு 20 பங்கு அசெட்டிக் அமிலக் கரைசல், 18 மணி நேரம். ஈயம் 5 மி.கி./லி. தொட்டால் அபாயகரக் கழிவு, கும்மிடிப்பூண்டி மையம் மாதிரி அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், எலும்புக்கரியும் கூடவே கரையும்.

அம்மோனியாவை இந்தப் பாய் தொடாது. நாளுக்கு 10 கன மீட்டரில் 15 கிலோ அப்படியே சதுப்புக்குள் போகும். அதற்கு மேட்டுப் பக்கத்தில் சேகரிப்புக் கிணறு போட்டு, பம்பு வைத்து, நிலையத்துக்கு ஏற்றியாக வேண்டும். அந்தக் கிணறு ஓடினால் பாய்க்கு வரும் நீர் குறையும், 330 நாள் என்பதும் நீளும்.

#18 நுண்துளை

பாயின் இரு பக்கமும் 25 மீட்டருக்கு ஒரு 50 மி.மீ. துளைக்குழாய் இறக்குங்கள். இருபுற நீர்மட்ட வித்தியாசம் வாராவாரம், ஈயம், ஆர்செனிக், இரும்பு, பாஸ்பேட் மாதாமாதம். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அடைப்பு, மட்டம் சமமாக இருந்து கீழ்ப்பக்கச் செறிவு திடீரென ஏறினால் இணைப்பு பிளந்திருக்கிறது. மெல்ல மெல்ல ஏறினால் பாய் தீர்ந்துவருகிறது, அடுத்த ரோலைச் செய்யச் சொல்லிவிடுங்கள்.